கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: முதலீடு கேட்கப் போகும் பெண்ணுக்கு

தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி 2 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது. அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, வரம்பு தாண்டினால் உடனே பொறுப்பாளரின் போனை அலறவைக்கும் ஒரு சின்னக் கருவியை நான் வடிவமைத்தேன். சர்க்யூட் என்னுடையது, அதற்குள் ஓடும் மென்பொருளும் என்னுடையது. என் கூட்டாளி விற்பனை பார்ப்பவர். முதல் முதலீட்டாளர் சந்திப்பில் எதிரே இருந்தவர் கூட்டாளியைப் பார்த்துக் கேட்டார்: "பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"வடிவமைச்சது இவங்கதான் சார், இவங்களே சொல்வாங்க" என்றார் கூட்டாளி. நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் கூட்டாளியிடமே கேட்டார். ஒரு மணி நேரமும் இப்படியே போனது. என்னிடம் நேராக வந்த ஒரே கேள்வி, "ஆபீஸ் நிர்வாகமெல்லாம் நீங்கதான் பார்த்துக்கிறீங்களா?"

அன்று இரவே ஒரு நோட்டு போட்டேன். யார் கேட்டது, யாரைப் பார்த்துக் கேட்டது, என்ன சொற்களில் கேட்டது என்று வரிக்கு வரி எழுதினேன். அதன்பின் மூன்று முறை முதலீடு திரட்டியாயிற்று, நோட்டை நிறுத்தவில்லை. இப்போது முதலீடு தேடும் பெண்களோடு ஒத்திகைக்கு உட்காரும்போது அதைத்தான் முன்னால் விரித்து வைத்துக்கொள்கிறேன். இங்கே எழுதுவது அதிலிருந்துதான்.

ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குறை உங்கள் குரலில் இல்லை. 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே பிட்சை, அதாவது முதலீட்டாளர் முன் தொழிலை விளக்கும் பேச்சை, ஒரு சொல்லும் மாற்றாமல் ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். ஆண் குரலில் வந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 68 சதவீதம். பெண் குரலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தவர்கள் 32 சதவீதம். அமெரிக்காவின் மொத்த வென்ச்சர் கேப்பிடலில் (வளரும் புது நிறுவனங்களில் பங்குக்காகப் போடும் முதலீடு) பெண்கள் மட்டுமே தொடங்கிய நிறுவனங்களுக்குப் போகும் பங்கு, பல வருடங்களாக 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. உங்களைச் சோர்வடைய வைக்க இதைச் சொல்லவில்லை. "நான் இன்னும் நல்லாப் பேசியிருக்கலாமோ" என்று இரவு முழுக்கப் புரண்டு படுத்து, மறுநாள் சந்திப்புக்குக் கண் எரியப் போகிற பெண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கையில் பணம் இருக்கும்போதே கிளம்புங்கள்

முதலீட்டாளர்களுக்கு நம் மேல் இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நம்மால் எழுந்து போக முடியாது என்பதிலிருந்து. ஆகவே எழுந்து போக முடிகிற நிலையில் இருந்துகொண்டு பேசப் போவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வங்கிக் கணக்கில் குறைந்தது ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போது தேடத் தொடங்குங்கள். ஒரு ரவுண்ட், அதாவது ஒரு தடவை முதலீடு திரட்டுவது, முடிந்து பணம் கைக்கு வர ஆறு மாதம் ஆவது சாதாரணம். மூன்று மாதச் செலவுதான் மிச்சம் என்பது எதிராளிக்குத் தெரிந்தால் போதும், விலையையும் நிபந்தனையையும் அவரே எழுதுவார். நமக்கு இதில் பாதிப்பு இரட்டிப்பு. அவசரத்தில் இருக்கும் பெண் எதையும் பொறுத்துக்கொள்வாள் என்று கணக்குப் போடும் ஆட்கள் உண்டு. அப்படிக் கணக்குப் போட்ட ஒருவரை நானே சந்தித்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒருவரிடம் பேசி, அவர் பதிலுக்குக் காத்திருந்து, பிறகு அடுத்தவரிடம் போகாதீர்கள். இருபது முப்பது பேரைப் பட்டியல் போட்டு, முதல் சந்திப்புகளை எல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுக்குங்கள். அப்போதுதான் இரண்டு டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளை எழுதித் தரும் தாள்) ஒரே சமயத்தில் மேசைக்கு வரும் வாய்ப்பு உண்டு. இரண்டு இருந்தால் உங்கள் குரலே மாறிவிடும்.

பணம் கொடுப்பது அவர்களுக்கு உத்தியோகம் என்பதையும் மறக்காதீர்கள். பெரும்பாலான வென்ச்சர் ஃபண்டுகளின் ஆயுள் பத்து வருடம். அதில் புதிய நிறுவனங்களைத் தேடிப் பணம் போடுவது பெரும்பாலும் முதல் நான்கைந்து வருடத்துக்குள். பணமும் அவர்களுடையது இல்லை; ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் கொடுத்தது. அதைப் பூட்டி வைத்திருக்க அவர்களுக்கும் வழியில்லை. எனவே நீங்களும் கேட்கலாம், கேட்க வேண்டும்: "இந்த ஃபண்டு தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது? இந்த வருடம் இன்னும் எத்தனை நிறுவனங்களில் போடப் போகிறீர்கள்? முடிவெடுக்கும் பார்ட்னர் யார், அவரை நான் எப்போது சந்திப்பேன்?" இந்த மூன்று கேள்வியையும் நான் முதல் இருபது நிமிடத்துக்குள் கேட்டுவிடுவேன். நான் மனு கொடுக்க வரவில்லை, வியாபாரம் பேச வந்திருக்கிறேன் என்பது அதிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும். ஐந்தாம் வருடத்தில் இருக்கும் ஃபண்டில், முடிவெடுக்கும் அதிகாரமில்லாத இளநிலை ஊழியரான அசோசியேட் ஒருவரோடு மூன்று மாதம் பேசிக்கொண்டிருப்பது வீண் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆண் கூட்டாளி இருந்தால்

"இவங்களே சொல்வாங்க" என்று கூட்டாளி சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் அது அனுமதி கொடுப்பதுபோல் கேட்டது. நாங்கள் பிறகு மாற்றிக்கொண்ட முறை இது. தொழில்நுட்பம், பணம், திட்டம் பற்றி எந்தக் கேள்வி அவரிடம் வந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. கையிலிருக்கும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். அந்த மூன்று விநாடி மௌனம் அறையில் எல்லோருக்கும் உறைக்கும். நான் பதிலை முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது கேள்விக்கே எதிராளியின் பார்வை என் பக்கம் வந்துவிடும். உட்காரும் இடத்தையும் முன்பே பேசி வையுங்கள். முதலீட்டாளருக்கு நேர் எதிரில் நீங்கள், பக்கவாட்டில் கூட்டாளி. முதல் ஸ்லைடிலேயே யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள்.

கூட்டாளி ஒத்துழைக்க மறுத்தால் அது முதலீட்டாளரை விடப் பெரிய சிக்கல். அதைத் தீர்த்துவிட்டுப் பணம் தேடப் போங்கள்.

ஆண் பெயர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். விட்சி என்ற இணையச் சந்தையைத் தொடங்கிய பெனலபி கேஸின், கேட் டுவயர் இருவரும் அப்படிச் செய்தார்கள். கீத் மேன் என்ற இல்லாத ஒரு கூட்டாளியின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பியபோது வெளி ஆட்களிடமிருந்து பதில் சட்டென்றும் மரியாதையாகவும் வந்தது என்று 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் முதலீட்டில் இதைச் செய்யாதீர்கள். பணம் போடுமுன் செய்யும் சோதனையான டியூ டிலிஜென்ஸில் ஒவ்வொரு பெயரும் சரிபார்க்கப்படும். தவறான தகவல் தரவில்லை என்று கையெழுத்தும் போட வேண்டியிருக்கும்.

கேள்வியின் வகையைக் கண்டுபிடியுங்கள்

என் நோட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான். டானா கான்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், நியூயார்க்கில் நடந்த டெக்க்ரஞ்ச் டிஸ்ரப்ட் என்ற, புது நிறுவனங்களுக்கான போட்டிகளில் 2010 முதல் 2016 வரை மேடையேறிய 189 நிறுவனங்களின் கேள்வி பதில் காணொளிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் "எவ்வளவு வளருவீர்கள்" என்ற வகை. பெண்களிடம் கேட்டதில் 66 சதவீதம் "எதை இழக்காமல் இருப்பீர்கள்" என்ற வகை. ஆணிடம் "வாடிக்கையாளர்களை எப்படிச் சேர்ப்பீர்கள்?", பெண்ணிடம் "இருக்கிற வாடிக்கையாளர்களை எப்படித் தக்கவைப்பீர்கள்?" பெண் முதலீட்டாளர்களும் இப்படியேதான் கேட்டார்கள். அதனால் எதிரே பெண் உட்கார்ந்திருந்தால் நிம்மதி என்று கவனத்தைத் தளர்த்திவிடாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், நாம் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பழகியவர்கள். இழப்பைப் பற்றிக் கேட்டால் இழப்பைத் தடுப்பது பற்றியே பேசுவோம். பேசி முடிக்கும்போது அறையில் மிஞ்சுவது "இது ஆபத்தான தொழில்" என்ற எண்ணம் மட்டும். அந்த ஆய்வில், தடுப்புக் கேள்விக்கு வளர்ச்சிப் பதில் சொன்னவர்கள், தடுப்புப் பதிலே சொன்னவர்களைப் போல் சராசரியாக 14 மடங்கு பணம் திரட்டியிருந்தார்கள்.

எப்படித் திருப்புவது? என்னிடம் வந்த கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "இதே கருவியைப் பெரிய கம்பெனி ஒன்று பாதி விலைக்கு விற்றால் என்ன செய்வீங்க மேடம்?"

முதல் தடவை நான் சொன்ன பதில்: "எங்கள் கருவியின் துல்லியம் அதிகம், காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், பழைய வாடிக்கையாளர்கள் யாரும் விலகவில்லை." ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமும் கோட்டைக்குள் பதுங்கிக்கொண்டு பேசிய பேச்சு.

பிறகு சொல்லப் பழகிய பதில்: "கருவியின் விலை குறைந்தால் எங்களுக்கு நல்லது. எங்கள் வருமானம் கருவியில் இல்லை, அது அனுப்பும் தரவில் இருக்கிறது. இன்று தடுப்பூசிக் கிடங்குகளில் இருக்கிறோம். இன்சுலின், ரத்த வங்கி, ஆய்வகம் என்று குளிர் காக்க வேண்டிய இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதே தரவு தேவைப்படும். யார் கருவி விற்றாலும் அதைப் படிக்கும் மென்பொருளாக நாங்கள் இருக்கப் போகிறோம்."

கவனித்துப் பாருங்கள். கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பயத்துக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ஓர் உண்மையோடு. மற்ற எல்லா வாக்கியமும் எங்கே போகப் போகிறோம் என்பது பற்றி. இந்த அளவு முக்கியம். பயத்துக்கு ஒரு வாக்கியம்கூடக் கொடுக்காமல் வளர்ச்சியை மட்டும் பேசினால், மழுப்புகிறீர்கள் என்று தோன்றிவிடும்.

இது மேடையில் தானாக வராது. உங்களிடம் கேட்கக்கூடிய தடுப்புக் கேள்விகள் முப்பதை அட்டைகளில் எழுதுங்கள். உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, கலைத்துக் கலைத்துக் கேட்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். "பிரச்சினை வராது", "பார்த்துக்குவோம்", "இழக்க மாட்டோம்" போன்ற சொற்கள் வரும் இடங்களை எண்ணுங்கள். நான் ஒத்திகை பார்க்கும் பெண்கள் பெரும்பாலும் நான்காவது நாளில் மாறிவிடுகிறார்கள். ஒரு பெண் ஐந்தாம் நாள், நான் கேள்வியை முடிப்பதற்குள், "இது தடுப்புக் கேள்விதானே அக்கா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

நீங்கள் இல்லாத அறை

உங்கள் பணத்தைப் பற்றிய முடிவு நீங்கள் இல்லாத அறையில் நடக்கிறது. ஸ்வீடனில் அரசு வென்ச்சர் நிதி வழங்குபவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை ஆய்வாளர்கள் உள்ளேயே இருந்து கேட்டுக் குறித்தார்கள், 2017-ல் வெளியிட்டார்கள். ஆண் நிறுவனர் இளைஞராக இருந்தால் "நம்பிக்கை தருகிறவர்". பெண் இளையவராக இருந்தால் "அனுபவம் இல்லாதவர்". ஆண் நிதானமானவர் என்றால் பக்குவம். பெண் நிதானமானவர் என்றால் துணிச்சல் இல்லை. ஆண்கள் கேட்ட தொகையில் சராசரியாக 52 சதவீதம் பெற்றார்கள், பெண்கள் 25 சதவீதம்.

அந்த அறைக்குள் நீங்கள் போக முடியாது. உங்கள் வாக்கியங்கள் போகலாம். பெரும்பாலும் ஓர் அசோசியேட்தான் உங்களைப் பற்றிய குறிப்பை எழுதி பார்ட்னர்கள் முன் வைப்பார். அவர் வேலையைச் சுலபமாக்குங்கள். சந்திப்பு முடிந்த அன்றே ஒரு பக்கம் அனுப்புங்கள்: வருமானம், மாத வளர்ச்சி, விலகிய வாடிக்கையாளர் எத்தனை பேர், இந்தத் துறையில் உங்களுக்கு எத்தனை வருட அனுபவம், இதற்கு முன் கட்டி முடித்தவை என்னென்ன. "ஆர்வமுள்ள இளம் குழு" என்பது போன்ற சொற்களை நீங்களே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். "பதினொரு வருடம் மருந்துச் சேமிப்பில் வேலை செய்தவர், இரண்டு கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்" என்று எழுதுங்கள். நான் அனுப்பிய வரியை பார்ட்னர் ஒருவர் அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னபோதுதான் இதன் பலம் எனக்குப் புரிந்தது.

கல்யாணம், குழந்தை

கேட்பார்கள். கோபம் வரும், வரட்டும். அந்த இடத்தில் நான் சொல்வது: "நான் இல்லாத நாளிலும் கம்பெனி ஓடுமா என்று கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். ஓடும். உற்பத்திக்கு இன்னார், மென்பொருளுக்கு இன்னார், வங்கிக் கையெழுத்துக்கு இரண்டு பேர். இதே கேள்வியை என் கூட்டாளியிடமும் கேட்டுவிடுங்கள். அவர் பதிலும் தயாராக இருக்கிறது." கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாக, குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். குடும்ப விவரம் எதையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இரவு வரும் செய்தி

இரண்டாவது ரவுண்டில் ஒருவர் டெர்ம் ஷீட் தருவதாகச் சொல்லிவிட்டு, இரவு 10.40-க்கு எழுதினார்: "தனியா டின்னருக்கு வாங்க, பேசி முடிச்சிடலாம். கூட்டாளி வேண்டாம்." அப்போது எங்களிடம் நான்கு மாதச் செலவுக்குத்தான் பணம் இருந்தது, அது அவருக்குத் தெரியும். கை நடுங்கியது. கூட்டாளியையும் இணைத்து மின்னஞ்சலில் பதில் எழுதினேன்: "நாளை காலை 11 மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். டெர்ம் ஷீட்டின் நகலை முன்கூட்டியே அனுப்பினால் எங்கள் வழக்கறிஞரும் பார்த்துவிடுவார்." காலையில் பதில் வந்தது: "ஃபண்டு வேறு திசையில் போகிறது." அந்த நான்கு மாதத்தை எப்படிக் கடந்தோம் என்பது தனிக் கதை. பழைய வாடிக்கையாளர்கள் இருவர் ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகத் தந்தார்கள். முதலில் ஒன்பது மாதம் என்று சொன்னதற்குக் காரணம் அந்த இரவுதான்.

உங்களுக்கு நடந்தால் செய்ய வேண்டியவை: பதிலை எழுத்தில், அலுவலக மின்னஞ்சலில், இன்னொருவரை இணைத்து அனுப்புங்கள். வந்த செய்தியைத் திரைப்பிடிப்பாக எடுத்து, அன்றே உங்கள் தனி மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். தேதியும் நேரமும் அதில் தானாக நிற்கும். நேரில் நடந்தது என்றால் அன்று தூங்குமுன் நடந்ததை வரிசையாக எழுதுங்கள். நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். வெளியே பெயர் சொல்வதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள், அவதூறு வழக்கு என்று திருப்பி மிரட்டுவது வாடிக்கை. சொல்வதா, எப்போது சொல்வது என்பது முழுக்க உங்கள் முடிவு. சொல்லவில்லை என்றால் நீங்கள் கோழை என்று எவரும் பேச விடாதீர்கள்.

சட்டம் இதில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறது. நிறுவனர், முதலீட்டாளரின் ஊழியர் இல்லை. எனவே அலுவலகத் துன்புறுத்தல் சட்டங்கள் பல இடங்களில் நேராகப் பொருந்துவதில்லை. 2017-ல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பெண் நிறுவனர்கள் பலர் பெயர் சொல்லிப் பேசிய பிறகு, பெயர்பெற்ற முதலீட்டாளர்கள் சிலர் பதவி விலக நேர்ந்தது. அடுத்த வருடம் கலிஃபோர்னியா, முதலீட்டாளர்களையும் பெயர் குறிப்பிட்டுத் தன் துன்புறுத்தல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அன்று ஒருவர் மட்டும் பேசவில்லை, பலர் பேசினார்கள். அதனால்தான் பெண் நிறுவனர்கள் பத்துப் பேரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். யாரிடமாவது பணம் வாங்குமுன், அவரிடம் ஏற்கெனவே வாங்கிய பெண்களிடமும், அவர் பணம் போட்டுத் தோற்றுப்போன நிறுவனத்தை நடத்தியவர்களிடமும் பேசுங்கள். ஒரே கேள்வி போதும்: "பணம் தீர்ந்த மாதம் அவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?"

டெர்ம் ஷீட்டில் எங்கே கண் வைப்பது

நம்மில் பலர் மதிப்பீட்டுத் தொகைக்கே சண்டை போட்டுக் களைத்துப்போய், மற்ற பக்கங்களில் விட்டுவிடுகிறோம். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது நிறுவனம் விலைபோனால் முதலீட்டாளர் முதலில் எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்ற பகுதியைப் பாருங்கள். முதலீட்டாளர் 20 லட்சம் டாலர் போட்டு 20 சதவீதப் பங்கு எடுக்கிறார்; பிறகு நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மடங்கு, பங்கேற்பு இல்லாதது (போட்டதை எடுத்துக்கொண்டால் மிச்சத்தில் பங்கு இல்லை) என்றால் அவருக்கு 20 லட்சம், மற்றவர்களுக்கு 30. ஒரு மடங்கு, பங்கேற்பு உள்ளது என்றால் முதலில் 20 எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் 30-லும் 20 சதவீதம், மொத்தம் 26. இரண்டு மடங்கு, பங்கேற்பு இல்லாதது என்றால் 40 அவருக்கு, ஊரைக் கூட்டி உழைத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 10. ஒரு சொல் மாறினால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். முதல் வகைக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்து, நிறுவனர் விலகினால் பங்கு என்ன ஆகும் என்ற பகுதி. எனக்கு வந்த ஒரு வரைவில் இப்படி இருந்தது: நிறுவனர் தொடர்ந்து 60 நாள் பணிக்கு வராவிட்டால் "தவறான முறையில் விலகியவர்" என்று கருதி, வெஸ்ட் ஆகாத, அதாவது இன்னும் முழு உரிமையாகாத, பங்கு முழுவதும் பறிபோகும். கூட்டாளிக்கும் எனக்கும் ஒரே வாசகம்தான். ஆனால் பிள்ளை பெறப் போவது யார்? மூன்று முறை படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பிரசவ விடுப்பும் மருத்துவ விடுப்பும் இந்தக் கணக்கில் வராது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு வார்த்தை பேசாமல் சேர்த்தார். வரைவு எழுதியவர்கள் மனதில் தாயாகும் நிறுவனர் ஒருத்தி இருக்கவேயில்லை, அவ்வளவுதான். அந்த வரியை நீங்களும் கேளுங்கள்.

வேண்டாம் என்று வந்தால்

எல்லாத் தொழிலுக்கும் இந்தப் பணம் தேவையில்லை. ஸ்பாங்ஸ் என்ற உள்ளாடை நிறுவனத்தை சாரா பிளேக்லி தன் சேமிப்பு 5,000 டாலரில் தொடங்கி, வெளி முதலீடு இல்லாமலே இருபது வருடத்துக்கு மேல் நடத்தினார். பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 2018-ல் வெளியிட்ட கணக்கில், திரட்டிய ஒவ்வொரு டாலருக்கும் பெண்கள் தொடங்கிய நிறுவனங்கள் 78 சென்ட் வருமானம் ஈட்டின. ஆண்களுடையவை 31 சென்ட். இந்த எண்ணை என் ஸ்லைடில் வைத்திருக்கிறேன்.

மறுப்பு வரும்போது பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு வாங்க" என்ற வடிவில்தான் வரும். நன்றி சொல்லி முடித்துவிடாதீர்கள். அன்றே இரண்டு வரி எழுதுங்கள்: "எந்த எண் எவ்வளவு ஆனால் மறுபடி பார்ப்பீர்கள்? மாத வருமானமா, வாடிக்கையாளர் எண்ணிக்கையா?" எண் சொன்னவருக்கு மாதம் ஒரு முறை நான்கு வரியில் நிலவரம் அனுப்புங்கள், என் மூன்றாவது ரவுண்டை முன்னின்று நடத்தியவர் அப்படி ஏழு மாதம் என் கடிதங்களைப் படித்தவர். எண் சொல்லாதவரின் பெயரை நான் பட்டியலிலிருந்து அன்றே அடித்துவிடுவேன்.